நாற்பதாவது உச்சி

முட்டி வலிக்காரர்கள் மலை ஏறுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். அது தவறு. ஏறுவதில் ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் முட்டியின் வேலை தொடங்குகிறது. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் காதில் வாங்கிக்கொண்டதில்லை. உங்கள் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆகவே உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். இறங்கும்போது கைப்பிடிக் கம்பியை விடாதீர்கள்.

என்னை யாரும் அழைத்து வரவில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நானாகத்தான் வந்தேன். என் மனைவியின் தம்பி மலையிலிருந்து விழுந்து இறந்ததை விபத்து என்று எழுதி, நான்கு மாதத்துக்கு முன் கோப்பை மூடிவிட்டீர்கள். அந்தக் கோப்பில் தவறுகள் இருக்கின்றன. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்டதைத்தான் எழுதினீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

நான் நில வரைபட அலுவலகத்தில் சரிபார்ப்பவன். இருபத்தாறு ஆண்டுகள். கீழேயிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை, பூதக்கண்ணாடி, கூராகச் சீவிய சிவப்புப் பென்சில்கள் ஆறு, சாய்ந்தால் முனகும் ஒரு நாற்காலி. மற்றவர்கள் வரைந்ததை நான் பார்ப்பேன். ஓடை மேட்டைப் பார்த்து ஓடுவதுபோல் வரைந்திருப்பார்கள். குன்றின் உயரத்தில் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றியிருப்பார்கள். "ரெண்டு நம்பர் மாறினதுக்கு இவ்ளோ பெரிய வட்டமா சார்?" என்று புதிதாகச் சேர்ந்த வரைவாளர் ஒருவர் கேட்டார். அவர் தம் சட்டைப் பித்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். அதையும் சொன்னேன். அடுத்த மாதமே வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நல்லதுதான்.

மலைதான் எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. எங்கள் நகரத்தில் ஒரு மலை நடைச் சங்கம் இருக்கிறது. நூலகத்து மாடியில், முன்பு பழைய செய்தித்தாள்களைக் கட்டிவைத்திருந்த கூடத்தில், வாரம் ஒருமுறை கூடும். சங்கத்தின் பட்டியலில் நாற்பது உச்சிகள். நாற்பதையும் ஏறி முடித்தவரின் பெயரைக் கூடத்துச் சுவரில் இருக்கும் மரப்பலகையில் செதுக்குவார்கள். அறுபது ஆண்டில் பதினேழு பெயர்கள்தான். விதி ஒன்றே ஒன்று. உச்சியில் ஆக உயரமான இயற்கை நிலம் எதுவோ அதன்மேல் இரண்டு காலும் படவேண்டும். மனிதர்கள் அங்கே கட்டிவைத்த எதைத் தொட்டாலும் அது கணக்கில் வராது. நல்ல விதி. அதை எழுதியவரைப் பார்த்திருந்தால் எனக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பதினெட்டு ஆண்டில் நான் முப்பத்தொன்பது முடித்தேன். முப்பத்தொன்பதாவதிலிருந்து இறங்கும்போது முட்டி பிசகிவிட்டது. இரண்டு அறுவை சிகிச்சைகள். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் மலைப்பக்கமே போகவில்லை. பாக்கி இருந்தது ஒன்றுதான். சங்கத்தில் அதை நெடுவான் என்போம். என் மேசைக்கு எதிர்ச்சுவரில் நெடுவான் இருக்கும் வரைபடத் தாள் மாட்டியிருக்கும். நான் மாட்டியதல்ல, எனக்கு முன்பிருந்தே அங்கே இருந்தது. தினமும் எட்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகைப்படுத்துவதாகும். ஏழு மணி நேரம் இருக்கும்.

இப்போது என் மைத்துனன். பல் மருத்துவன். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களிடமே நாள் முழுக்கப் பேசிப் பழகியவன். எதிராளி பதில் சொல்லக்கூடும் என்ற எண்ணமே அவனுக்கு வருவதில்லை. எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். இதை ஒரு தகுதியாக நினைக்கிறார்கள். நாய்க்குட்டியையும் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது தன் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் கேட்கவில்லை. பொழுது போகாமல் என் மலைக் குறிப்பேடுகளை எடுத்துப் படித்தான். "அத்தான், சூப்பரா இருக்கே. நானும் போகலாமா?" என்றான். போகக்கூடாது என்று சொல்ல மலை என் சொத்தா?

ஐந்தே ஆண்டில் அவனும் முப்பத்தொன்பதுக்கு வந்துவிட்டான். சனிக்கிழமை போவான், ஞாயிற்றுக்கிழமை வருவான். வந்ததும் நேரே எங்கள் வீடு. சேறு பிடித்த ஷூவோடு கூடத்தில் நின்றுகொண்டு, "அத்தான், இருபத்தி மூணு" என்பான். என் மனைவி அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவாள். எந்த வழியாக ஏறினாய், வரைபடத்தைக் காட்டு என்று கேட்டால் சிரிப்பான். "அதெல்லாம் எதுக்கு அத்தான், எல்லாரும் போற வழியிலதான் போனேன்." அவன் கழுத்தில் ஒரு திசைகாட்டி தொங்கும். அவனுடைய பிறந்த நாளுக்கு நான் கொடுத்தது. பித்தளை மூடி போட்ட நல்ல கருவி. அதை அவன் திறந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கழுத்துக்கு அழகாக இருந்தது.

முப்பத்தொன்பது ஆன பிறகு அவன் நெடுவானுக்குப் போகவில்லை. பதினான்கு மாதம் காத்திருந்தான். "நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் முடிக்கணும். அத்தான் இல்லாம நான் அதுல காலை வைக்க மாட்டேன்" என்று சாப்பாட்டு மேசையில் சொன்னான். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறவனுக்கு அஞ்சலி செலுத்துவதை அன்றுதான் நேரில் பார்த்தேன். அதோடு விட்டானா? வாரத்துக்கு ஐந்து நாள், காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடிப்பான். என்னை விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிச் சுற்றி நடக்கவைப்பான். எட்டு மாதம். முட்டி நன்றாகவே தேறியது, அதை நான் மறுக்கவில்லை. உடற்பயிற்சி செய்தால் தசை வலுவாகும். அதற்கு யாருக்கும் நன்றி சொல்லவேண்டியதில்லை.

இப்படித்தான் அந்த வார இறுதிக்குப் போனோம். சனிக்கிழமை பழக்கத்துக்காக ஒரு சின்ன மலை, ஞாயிற்றுக்கிழமை நெடுவான் என்பது ஏற்பாடு. சின்ன மலையும் பட்டியலில் உள்ளதுதான், மொட்டையன் என்று பெயர். நானும் ஏறியது, அவனும் ஏறியது. அவன் கணக்கில் அது இருபத்திரண்டாவது.

ஒன்பது ஆண்டுக்குப் பிறகு காலடியில் கல் நகரும் சத்தத்தைக் கேட்டேன். மூச்சு வாங்கியது, முட்டி முனகியது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. நான் மரக்கட்டை அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவன் மட்டும் பேசாமல் வந்திருந்தால் அந்த நாள் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "அத்தான், முட்டி எப்படி இருக்கு? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

மொட்டையனின் தலை அகலமானது. ஒரு கோடியில் அளவைத் தூண் நிற்கிறது. இடுப்புயரச் சிமென்ட் தூண், வெள்ளையடித்தது. அந்தக் காலத்தில் நிலம் அளக்க வந்தவர்கள் நான்கு பக்கமும் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து அதைக் கட்டினார்கள். உயரமான இடமாகப் பார்த்து அல்ல. உண்மையான உச்சி அங்கிருந்து நூற்றெண்பது தப்படி வடகிழக்கே இருக்கிறது. புதர்களுக்குப் பின்னால், பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரு பாறைத் திட்டு. தூண் நிற்கும் தரையைவிட நான்கடி உயரம். வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. அந்தத் தாளைச் சரிபார்த்தவன் நான்தான்.

என் மைத்துனன் ஓடிப்போய்த் தூணைக் கட்டிப்பிடித்தான். பிறகு அதில் சாய்ந்து உட்கார்ந்து பையைத் திறந்தான். "போன தடவையும் இங்கதான் உக்காந்து சாப்பிட்டேன். காத்து பிச்சுக்கிட்டுப் போச்சு அத்தான். பத்தே நிமிஷம், இறங்கிட்டேன்."

"இங்கேயேதானா?" என்றேன்.

"ஆமா. உச்சியில வேற எங்க உக்கார்றது?"

முட்டியைக் கொஞ்சம் நீட்டி மடக்கிவிட்டு வருவதாகச் சொல்லி வடகிழக்கே நடந்தேன். நூற்றெண்பத்திரண்டு தப்படி வந்தது. கால் சரியில்லாததால் இரண்டு கூடிவிட்டது. பாறைத் திட்டின்மேல் இரண்டு காலையும் வைத்து நின்று திரும்பிப் பார்த்தேன். அவன் தூணில் சாய்ந்தபடி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அங்கேயே அவனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "ஐயையோ, அப்படியா அத்தான்" என்று சிரித்துக்கொண்டு, ஆரஞ்சும் கையுமாக ஓடிவந்து, திட்டின்மேல் ஒரு குதி குதித்து, இரண்டு நிமிடத்தில் முப்பத்தொன்பது ஆகியிருப்பான். வெட்கப்பட்டிருக்கக்கூட மாட்டான். அன்று மாலை அதையே ஒரு வேடிக்கையாக அக்காவிடம் சொல்லியிருப்பான். இத்தனை ஆண்டு பொய்யாகச் சுமந்த எண்ணை இரண்டு நிமிடத்தில் ஒருவன் மெய்யாக்கிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆகவே திரும்பி வந்து, அவன் நீட்டிய இரண்டு சுளைகளை வாங்கிச் சாப்பிட்டேன்.

மாலையில் நெடுவான் அடிவாரத்து விடுதிக்குப் போனோம். ஒரே அறை, இரண்டு கட்டில், ஒரு நாற்காலி, ஈரத் துணி காயப்போட ஒரு கம்பி. ஜன்னலோரக் கட்டிலை எனக்குக் கொடுத்தான். தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு முட்டிக்குத் தைலம் தேய்த்துக் கட்டுப் போட்டான். தேய்த்துக்கொண்டே ஃபோனில் அக்காவிடம், "அத்தான் இன்னைக்கு ஆடு மாதிரி ஏறினாரு" என்றான். விடுதி நடத்துகிற அம்மாள் தேநீர் கொண்டுவந்தாள். அவள் ஒருத்திதான் அந்த இரண்டு நாளில் உருப்படியாகப் பேசியவள்.

"பத்து மணிக்கு மேல மூட்டம் எறங்கிடும். கல்மேட்டுல வழின்னு ஒண்ணும் கெடையாது. கல்லு அடுக்கி வச்சிருக்காங்க பாருங்க, அதை விடாம பிடிச்சுக்கிட்டே போங்க. இடது பக்கம் மட்டும் போயிடாதீங்க. திடீர்னு தரையே இருக்காது."

என் மைத்துனன் அதைப் பாட்டுக் கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டான். அவள் போனதும், "நாளைக்கு உச்சிக்குப் பக்கத்துல போனதும் நான் நின்னுக்கறேன் அத்தான். நீங்கதான் முதல்ல காலை வைக்கணும். பலகையில உங்க பேர் மேல, என் பேர் கீழ" என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் நெகிழ்ந்துபோவேன் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. எனக்குச் சேரவேண்டியதை எனக்கே பரிசாகக் கொடுக்கிறான். முப்பத்தெட்டை வைத்துக்கொண்டு.

அன்று நான் எந்தத் திட்டமும் போடவில்லை. வழக்கம்போல் ஒன்பதரைக்குத் தூங்கிவிட்டேன். திட்டமிட்டுச் செய்தது என்று எழுதுவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி என்று நேரம் போடுங்கள். பாதி மலையில் ஒரு ஊற்று இருக்கிறது. அங்கே தண்ணீர் பிடித்தோம். கிளம்பும்போது என் கைத்தடியைப் பாறைக்குப் பின்னால் சாய்த்துவைத்துவிட்டு வந்தேன். நான் பொதுவாகப் பொருட்களை மறக்கிறவன் அல்ல.

அங்கிருந்து ஒரு மணி பத்து நிமிடம் ஏறி, கல்மேடு தொடங்கும் இடத்துக்கு வந்தோம். முதல் கல்லடுக்கு அங்கேதான் இருக்கிறது. தடியை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னேன். அவன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "அதுக்கென்ன, நான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன். தடி இல்லாம இந்த முட்டியோட நீங்க எறங்க முடியாது. நீங்க மெதுவா கல்லைப் பிடிச்சு நடந்துக்கிட்டே இருங்க, நான் வந்து சேந்துக்கறேன்." அவன் இறங்கி ஏற ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டேன். சரியாக இருந்தது.

இந்த இடத்தில் சங்கத்தின் ஒரு பழக்கத்தை விளக்கவேண்டும். பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் கண்ட இடத்தில் கல்லை அடுக்கிவிட்டுப் போவார்கள். வேண்டாத அடுக்குகளை நாங்கள் கலைத்துவிடுவோம். நான் நூற்றுக்கணக்கில் கலைத்திருக்கிறேன். நெடுவானின் கல்மேட்டில் பதினொரு அடுக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இடையே ஐம்பது தப்படி. என்னைக் கேட்டால் பதினொன்றும் வேண்டாதவை. வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, திசைகாட்டியைத் திறந்து பார்த்து நூல் பிடித்தாற்போல் நடந்தால் யாரும் வழி தவறமுடியாது. அது முடியாதவர்கள் மலைக்கு வரக்கூடாது.

ஆனால் பதினொன்றையும் நான் தொடவில்லை. ஐந்திலிருந்து எட்டு வரை நான்கை மட்டும் கலைத்தேன். பிறகு நான்காவது அடுக்கிலிருந்து இடப்பக்கம் சாய்த்து, அதே ஐம்பது தப்படி இடைவெளியில், அதே முழங்கால் உயரத்தில் நான்கு அடுக்குகள் கட்டினேன். அடுக்குக்கு ஐந்தாறு கல் போதும், கல்மேட்டில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கடைசி அடுக்குக்கும் தரை முடிகிற இடத்துக்கும் நடுவே ஏழு தப்படி. மூடுபனி பத்தேகாலுக்கு இறங்கியது. அந்த அம்மாள் சொன்னதைவிடக் கால் மணி நேரம் தாமதம், அவ்வளவுதான்.

பழைய ஆறாவது அடுக்கு இருந்த இடத்தில், வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்தேன். பத்து ஐம்பதுக்குத் தடியின் சத்தம் கேட்டது. இரும்பு நுனி கல்லில் தட்டுகிற சத்தம். அவன் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். "அத்தான், தடி கிடைச்சிருச்சு. அத்தான், எங்க இருக்கீங்க? நல்லா நடக்கறீங்களே, இவ்ளோ தூரம் போயிட்டீங்களா?" பதிலை எதிர்பார்த்துக் கேட்டதல்ல, அவனுடைய பழக்கம் அது. சத்தம் என் வலப்பக்கமாகக் கடந்து போனது. நாற்பது தப்படி தூரம் இருந்திருக்கும்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், ஆனால் காதை மூடிக்கொள்ளவில்லை. அந்தத் திசைகாட்டியின் மூடி திறக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். அது கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் உடனே கூப்பிட்டு நிறுத்தியிருப்பேன். இதை நீங்கள் நம்பலாம். ஒருவனுக்கு அதற்குமேல் என்ன வாய்ப்பு கொடுக்கமுடியும்? அவன் கல்லிலிருந்து கல்லுக்குப் போய்க்கொண்டே இருந்தான். யாரோ அடுக்கிவைத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவன். அவனை நான் தள்ளவில்லை. அவன் நடந்த ஒவ்வொரு அடியும் அவனே எடுத்து வைத்தது.

பிறகு தடி உருண்டு விழும் சத்தம் கேட்டது. அலுமினியத் தடி, ஆகையால் கொஞ்ச நேரம் கேட்டது. அதன் பிறகு கீழேயிருந்து அத்தான் என்று கூப்பிட்டான். மூன்று முறை. நான்காவது முறை அக்கா என்று கூப்பிட்டதுபோல் இருந்தது. அதை உறுதியாகச் சொல்லமுடியாது, ஆகவே பதிவு செய்யவேண்டாம்.

நான் எழுந்து, திசைகாட்டியைப் பார்த்து, உச்சிக்கு நடந்தேன்.

பதினொன்று ஐம்பதுக்கு நெடுவானின் ஆக உயரமான நிலத்தில் என் இரண்டு காலும் பட்டன. மூடுபனியில் என் கை எனக்கே சரியாகத் தெரியவில்லை. காட்சி பார்க்க வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கு இல்லை. நின்ற இடத்திலேயே நின்று அழுதேன். காற்றில் கண்ணீர் வந்தது என்று சொல்லி மழுப்பப் போவதில்லை, சந்தோஷத்தில் அழுதேன். ஒன்பது ஆண்டுகள் நான் காத்திருந்தது அந்தப் பதினொரு நிமிடத்துக்குத்தான். பாறை இடுக்கில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது, அதற்குள் வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் புத்தகம் இருக்கிறது. பெயர், தேதி, நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினேன்.

வழியில் நான்கு அடுக்குகளையும் பழைய இடத்தில் கட்டிவைத்து, நான் கட்டியவற்றைக் கலைத்தேன். அதற்கு இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. அப்போது கீழேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. நானும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. தடி இல்லாமல் இறங்கியதில் உயிரே போய்விட்டது. முதலில் சொன்னேனே, இறங்குவதுதான் கடினம். மூன்று மணிக்கு விடுதிக்கு வந்து சேர்ந்தேன். மீட்புக் குழு அவனிடம் போய்ச் சேர்ந்தபோது நாலரை.

அவன் இரண்டரை மணி வரை உயிரோடு இருந்திருக்கிறான் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன், என்னால் போடாமல் இருக்கமுடியாது. அவன் விழுந்ததும் நான் நேரே இறங்கியிருந்தால் இரண்டேகாலுக்கு ஆட்கள் வந்திருப்பார்கள். கால் மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும். ஆனால் நேரே இறங்கியிருந்தால் அன்றும் நான் முப்பத்தொன்பதோடுதான் இறங்கியிருப்பேன்.

உங்களிடம் அன்று நான் சொன்னது வேறு. முட்டி வலித்ததால் கல்மேட்டின் தொடக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், தடியை அவனே வைத்துக்கொண்டு தனியாக மேலே போனான், திரும்பி வரவில்லை என்றேன். ஆஸ்பத்திரி நடையில் என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவன் மேல போயிட்டு வந்தானாங்க? அதை மட்டும் சொல்லுங்க. அதையாவது பாத்தானா?"

நான் தலையசைத்தேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. துக்கத்தில் இருக்கிற பெண்ணுக்கு ஒரு தலையசைப்பு, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். கவனக்குறைவு. மற்றவர்கள் செய்கிற அதே தவறு. நீங்களும் 'உச்சியிலிருந்து இறங்கும்போது தவறி விழுந்தார்' என்று எழுதிக்கொண்டீர்கள்.

போன சனிக்கிழமை சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். மரப்பலகையில் துணி போர்த்தியிருந்தது. என் மனைவி வந்து அதை விலக்கினாள். பதினெட்டாவது பெயராக அவன் பெயர், நாற்பது முடித்த தேதியாக அந்த ஞாயிற்றுக்கிழமை. மருந்துக்கடை வைத்திருக்கும் சங்கச் செயலாளர், "நம்ம டாக்டர் நாப்பதையும் முடிச்சிட்டுத்தான் போயிருக்காரு" என்றார். அறுபது ஆண்டில் அந்தப் பலகையில் ஏறிய முதல் பொய்யை எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். மூக்கை உறிஞ்சினார்கள். அவர்களில் ஒருவருக்காவது மொட்டையனின் உண்மையான உச்சி எங்கே என்று தெரியுமா என்பதே சந்தேகம்.

நான் அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு செயலாளர் என் பக்கம் வந்து என் தோளில் கையை வைத்தார். "உங்களுக்கு அந்த ஒண்ணுதானே பாக்கி. டாக்டர் ஆசைப்பட்டது அது. முட்டி சரியாகட்டும், நாங்க எல்லாரும் சேந்து உங்களைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறோம்." எல்லோரும் தலையாட்டினார்கள். யாரோ ஒரு அம்மாள் என் கையை எடுத்துத் தட்டிக்கொடுத்தாள். என் மனைவி, அத்தனை அழுகைக்கு நடுவிலும், என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தாள். திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு தாளைக்கூட என்னால் சரிபார்க்க முடியவில்லை. இன்று செவ்வாய். வந்துவிட்டேன்.

இன்னொரு முறை ஏறிவிட்டுப் போகலாமே என்று உங்கள் எழுத்தர் கேட்டார். அவருக்கு விளங்காது. ஏற்கெனவே ஏறியதைப் புதிதாக ஏறியதாகக் காட்டினால் அதுவும் பொய்தானே. பலகையில் ஒரு பொய் போதும்.

நான் சொல்வதைச் சோதித்துப் பாருங்கள், அப்படியே நம்பவேண்டாம். விபத்துக்குப் பிறகு நெடுவான் பாதையை மூடிவைத்திருக்கிறார்கள், ஆகவே எல்லாம் அப்படியே இருக்கும். ஐந்திலிருந்து எட்டு வரை உள்ள அடுக்குகளில் பாசி படிந்த பக்கம் சில கற்களில் கீழே இருக்கும். அவசரத்தில் கட்டியது. உச்சியில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கும், அவனுடையது இருக்காது. அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவிடுங்கள். பலகையைத் திருத்த ஒரு தச்சர் போதும். பதினெட்டாவது பெயர் என்னுடையது. நான் எங்கே இருந்தாலும் அது செதுக்கப்படவேண்டும், விதியில் அதற்குத் தடை எதுவும் இல்லை. படித்துப் பார்த்துவிட்டேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு திருத்தம். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் படிக்க எனக்கு வரும், தொழில் பழக்கம். காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள். முப்பத்தெட்டு ஏறியவனைப் பார்த்து நாற்பது ஏறியவன் எதற்காகப் பொறாமைப்படவேண்டும்?